எர்லிண்டாவின் கல்வெட்டு

திங்கட்கிழமை காலை ஏழேகால் மணிக்குக் கிறிஸ்ரினா அன்ரி ஃபோன் எடுத்து, எர்லிண்டாவின் மறைவுக்குத் தன் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்தார். எர்லிண்டா அந்த நேரம் எனக்கு எதிரே நின்று ஒரு படுக்கை விரிப்பின் மற்ற இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நல்ல மனுசி போல கிடக்கு. நேற்றுப் பூசை முடிய கல்வெட்டுப் புத்தகம் எடுத்தனான். படத்தில என்ன வடிவாச் சிரிக்கிறா. உன்னோட வேலை செய்தவவாமே? என்ன வருத்தம் பிள்ளை?”

என் இரண்டு கையிலும் விரிப்பு. காதுக்குள் செருகிய குமிழ் வழியாக அன்ரி கத்துகிறார். நீளும் கதையை வெட்டுவதற்கு எங்களிடம் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. “ஓம் அன்ரி, ஓம் ஓம், பேந்து எடுக்கிறன்” என்றேன். எர்லிண்டாவின் மரணத்தை அவளுக்கு முன்னால் நின்றே நான் அப்படி உறுதிப்படுத்திவிட்டேன்.

“ஆர் அது?” என்றாள் எர்லிண்டா.

“கோயில் அன்ரி. சும்மா.”

நாங்கள் வேலை செய்வது ரொறன்ரோவில், ஸ்காபரோப் பக்கம், ஹொட்டேல்களின் துணிகளைத் தோய்த்துக் கொடுக்கும் ஒரு லோண்டரியில். பெரிய உருளை இயந்திரம் ஒன்று ஈர விரிப்பை அந்தப் பக்கத்தால் விழுங்கி இந்தப் பக்கத்தால் கொதிக்கக் கொதிக்கத் தள்ளும். ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, உதறி, நடந்து வந்து ஒருவர் முனையை மற்றவர் கையில் கொடுத்து, திரும்ப நடந்து போகவேண்டும். ஒரு விரிப்புக்கு இரண்டு தடவை முகத்துக்கு முகம் வருவோம். அந்த இரைச்சலில் அப்போது சொல்வது மட்டும்தான் கேட்கும். ஒன்பது வருடமாக எர்லிண்டா தன் கதைகளை எனக்கு அப்படித்தான் சொன்னாள், ஒரு விரிப்புக்கு ஒரு வசனம். ஒரு விண்கப்பல் பூமியை விட்டுக் கிளம்பவே ஒரு கிழமை பிடிக்கும். அவள் பேசுவது ஆங்கிலம். என் காதுக்குள் வரும்போதே அது எங்கள் தமிழாகிவிடுகிறது; நான் அதை அப்படியே எழுதுகிறேன், குறை நினைக்காதீர்கள்.

எர்லிண்டா ஒர்னேலாஸுக்கு அறுபத்தாறு வயது. அமெரிக்காவில், ரெக்சஸில் பிறந்தவள். மெக்சிக்கோக்காரியா என்று கேட்டால் இல்லை என்பாள், அமெரிக்கக்காரியா என்றால் அதற்கும் முகம் சுளிப்பாள். தான் சிக்கானா என்பாள். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த மெக்சிக்கோ வம்சத்தவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயராம் அது. ஒஷாவாக்கார லொறிச் சாரதி ஒருவரைக் கட்டி முப்பது வயதில் இந்தக் குளிருக்கு வந்தவள், அவரையும் அடக்கம் செய்துவிட்டு இப்போது ஒரு பூனையோடு இருக்கிறாள். நாற்பது வருடமாக விஞ்ஞானக் கதை எழுதுகிறாள். இளவயதில் அவளைப் போலப் பத்துப் பன்னிரண்டு பேர் ரெக்சஸிலும் கலிபோர்னியாவிலும் சேர்ந்து, போட்டோக்கொப்பி அடித்துச் சஞ்சிகை நடத்தினார்களாம். செவ்வாயில் தக்காளி பறிக்கிற கூலிகள், வானொலியில் பேசுகிற புனிதர்கள், சந்திரனுக்குப் போயும் விசா கேட்கப்படுகிற ஆவிகள் என்று எழுதித் தள்ளினார்களாம். பெரிய பதிப்பகங்கள் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பின. ராக்கெற் கதை போடுகிறவர்கள், ஓட்டுகிறவனுக்கு ஏன் இந்த மெக்சிக்கோப் பெயர் என்று கேட்டார்கள். மற்றவர்கள், எல்லை வேலி எங்கே, உங்கள் சனத்தின் துன்பம் எங்கே, அதை எழுதலாமே என்று புத்தி சொன்னார்கள்.

“நாங்கள் எதிர்காலத்தில இருக்கமாட்டம் எண்டு ஆரோ முடிவெடுத்திட்டினம், ஜோசப்பின். எங்களுக்குத்தான் ஒருத்தரும் சொல்லேல்லை” என்பாள்.

அவளோடு எழுதிய சிலருக்குப் பிறகு காலம் வந்தது. புத்தகம் வந்தது, பரிசும் வந்தது. எர்லிண்டா ஹொட்டேல் விரிப்பு மடித்தாள்.

நான் மொழிபெயர்ப்பாளர் ஒன்றுமில்லை. துண்டு துண்டாகக் கேட்ட கதையை முழுதாக வாசிக்கவேண்டும் என்ற ஆசையில் அவளிடம் பிரதியைக் கேட்டு வாங்கினேன். வாசித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நான்கு வருடம் மல்வேர்ன் பஸ்ஸில் இருந்துகொண்டு, பெருவிரலால் ஃபோனில் தட்டித் தட்டிப் பதினொரு கதைகளைத் தமிழாக்கினேன். இங்கே பெயர்பெற்ற கவிஞர் ஒருவரிடம் காட்டினேன். “எங்கட ஆக்களுக்கு ராக்கெற் எதுக்கு அக்கா? போரைப் பற்றின கதையாப் பாத்துச் செய்யுங்கோவன்” என்றார். எர்லிண்டாவிடம் போய்ச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் அந்த விரிப்பை மூன்று தடவை திரும்ப மடிக்கவேண்டி வந்தது.

புத்தகமாகப் போடுவோம் என்று நான் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“பதினொரு சஞ்சிகையில என்ர கதை வந்திருக்கு. வாசிச்ச ஒரு ஆளைக்கூட நான் கண்ணால கண்டதில்லை. உங்கட சனம் வாசிக்குமோ?”

“எங்கட சனமோ? விழுந்து விழுந்து வாசிக்கும்.”

பச்சைப் பொய். எங்கள் நூல் வெளியீடுகளுக்குச் சனம் வரும், அதை மறுக்க முடியாது. விளக்கேற்றுவார்கள், ஐந்து பேர் பேசுவார்கள், பெயர் கூப்பிடக் கூப்பிட மேடைக்குப் போய்ச் சிறப்புப் பிரதி வாங்கிப் படம் எடுப்பார்கள், றோல்ஸும் வடையும் சாப்பிடுவார்கள். அந்தப் புத்தகம் வீட்டுக்கு வந்து ரீவிக்குக் கீழே படுத்துவிடும். என் வீட்டிலேயே முப்பதுக்கு மேல் அப்படிப் படுத்திருக்கின்றன, ஒன்று சோபாவின் காலுக்குக் கீழே. எர்லிண்டாவுக்கும் அதுதான் நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஒரு வாசகரைக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்தத் திங்கட்கிழமை பத்து மணித் தேநீருக்குள் இன்னும் நான்கு அனுதாபங்கள் வந்துவிட்டன. ஐந்தாவதாக என் மனுசன் பேனாட் ஒரு படம் அனுப்பினார். படத்துக்குக் கீழே ஒரு வரி: “உதென்ன வேலை செய்து வச்சிருக்கிறாய்?”

எங்கள் சனத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். அதற்குத்தான் கல்வெட்டு என்று பெயர். சைவக்காரர் தேவாரம் போடுவார்கள், வேதக்காரராகிய கத்தோலிக்கர் நாங்கள் செபம் போடுவோம், மற்றதெல்லாம் ஒன்றுதான். முன்னட்டையில் முட்டை வடிவச் சட்டத்துக்குள் படம், சுற்றிவரப் பூ, இரண்டு பக்கமும் எரிகிற மெழுகுதிரி, கீழே மலர்வு என்று பிறந்த திகதி, உதிர்வு என்று இறந்த திகதி. பேனாட் அனுப்பிய படத்தில் அத்தனையும் இருந்தன. சட்டத்துக்குள் எர்லிண்டா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். உதிர்வுக்கு நேரே மட்டும் வெறுமையாக இருந்தது.

கழிவறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு அச்சகக்கார லெஸ்லிக்கு ஃபோன் எடுத்தேன்.

“அக்கா, பின்னட்டைக்கு எண்டு படம் தந்தியள். பிறந்த திகதி தந்தியள். செவ்வந்திப் பூ வரவேணும் எண்டியள், மெழுகுதிரி வரவேணும் எண்டியள். கிழமைக்கு நாலு கல்வெட்டு அடிக்கிறவன் நான். வேற என்னத்தை நினைக்கிறது?”

“அப்ப செவ்வந்திக் கப்பல் எண்ட தலைப்பு?”

“பிள்ளையள் வைக்கிறதுதானே உப்பிடிப் பேரெல்லாம். போன மாசம் ஒண்டு அடிச்சனான், ‘அன்பின் ஆலமரம்’ எண்டு.” பிறகு மெல்லச் சொன்னான். “புறூஃப் அனுப்பினனான் அக்கா. நீங்கள் தம்ஸ் அப் போட்டியள்.”

போட்டதுதான். இயந்திரம் துப்பிக்கொண்டிருக்கும்போது, ஒரு கையில் விரிப்போடு, கடுகளவு படத்தைப் பார்த்துப் பூவும் திரியும் வந்திருக்கிறது, சரி என்று போட்டேன்.

அடுத்த ஃபோன் கோயில் மண்டபத்தைப் பார்க்கும் சீமோன் அண்ணைக்கு. வெளியீடு அந்த மண்டபத்தில்தான், பதினைந்தாம் திகதி சனிக்கிழமை. அதனால் பெட்டிகளை அங்கேயே இறக்கச் சொல்லியிருந்தேன். லெஸ்லி சனிக்கிழமை இறக்கியிருக்கிறான். மறுநாள் ஞாயிறு, நவம்பர் இரண்டாம் திகதி, இறந்தவர்களுக்கெல்லாம் பூசை வைக்கும் நாள். ஸ்காபரோ வேதக்காரத் தமிழர் முழுப்பேரும் கோயிலில். எனக்கு வேலை, நான் போகவில்லை. வாசலில் ஒரு நீள மேசை போட்டு, அந்த வருடம் செத்தவர்களின் கல்வெட்டுகளை வீட்டுக்காரர் அடுக்கி வைப்பது வழக்கம். சீமோன் அண்ணை பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார்.

“பாவம், கொண்டுவந்து வைக்க ஆளில்லாத மனுசி போல எண்டு நினைச்சு நானே வடிவா அடுக்கி விட்டன் தங்கச்சி. முந்நூறு. மிச்சம் பதினேழு கிடக்கு.”

அந்தக் கிழமை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வெளியீட்டை நிற்பாட்டு என்றார் பேனாட். உயிரோடு இருக்கிற மனுசிக்குக் கல்வெட்டு அடிப்பது நல்லதுக்கில்லை என்றார். புதிதாக அச்சடிக்க நாளுமில்லை, வசதியுமில்லை. எனக்கு நல்லது கெட்டது பற்றிப் பயமில்லை. எர்லிண்டாவின் முகத்தைப் பார்க்கத்தான் பயம். உலகத்திலேயே அவளுக்கு வந்த முதல் புத்தகம். நாற்பது வருடம் காத்திருந்தவளிடம் போய், உன்னைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டோம் என்று எப்படிச் சொல்வது? செவ்வாயும் புதனும் விரிப்பை மடித்தபடி அவள் கண்ணைப் பார்க்காமல் காலத்தைப் போக்கினேன். அவள் வெளியீட்டுக்குப் போடச் செவ்வந்தி நிறத்தில் ஒரு சட்டை வாங்கியிருப்பதாகச் சொன்னாள்.

வியாழக்கிழமை பின்னேரம் பஸ்ஸில் இருக்கும்போது தெரியாத நம்பரிலிருந்து ஒரு ஃபோன் வந்தது. யூட்சன் என்றான், நம்பர் புத்தகத்தில் இருந்ததாம். விமானப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் வேலையாம். ஆறாவதோ அறுபதாவதோ அனுதாபம் என்று நினைத்து, “ஓம் தம்பி, சொல்லுங்கோ” என்றேன்.

“அக்கா, அந்தக் கப்பலுக்கு ரெண்டு கதவு எண்டுதானே எழுதியிருக்கு? வெளிக்கதவு ஒண்டு, உள்கதவு ஒண்டு. அப்ப வெளிக்கதவை மட்டும் திறந்துவிட என்ன பயம் அந்தப் பிள்ளைக்கு?”

இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

“நான் கல்வெட்டு எண்டுதான் எடுத்தனான் அக்கா. சொந்தக்காரரோ எண்டு பாப்பம் எண்டு. பதினாலாம் பக்கம்வரை அவவின்ர வாழ்க்கை வரலாறு எண்டுதான் வாசிச்சன். உண்மையா விண்வெளிக்குப் போனவவாக்கும் எண்டு அம்மாவுக்கும் சொல்லிப்போட்டன். பேந்துதான் கதை எண்டு விளங்கினது. இப்ப அம்மா வாசிக்கிறா, தரமாட்டன் எண்டுறா.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் சனம் புத்தகத்தை வாங்கி வைக்கும். கல்வெட்டை மட்டும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்கும். செத்தவர் எந்த ஊர், ஆரைக் கட்டினவர், பிள்ளைகள் எந்த நாட்டில், எங்களுக்கு எந்த வழியில் உறவு என்று கண்டுபிடிக்கும்வரை கீழே வைக்காது. உறவைத் தேடிக்கொண்டு போன இருநூற்று எண்பத்துமூன்று பேர் எர்லிண்டாவின் கப்பலுக்குள் ஏறிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரம், மைக்ரோவேவுக்குப் பக்கத்தில் வைத்து அவளிடம் புத்தகத்தைக் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஒரு சொல்லையும் ஒளிக்கவில்லை. அவள் அட்டையில் ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

“இந்த எழுத்து என்ன?”

“பிறந்த திகதி.”

“இது?”

“செத்த திகதி. வெறுமையா விட்டிருக்கு.”

அவள் சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள். “நாற்பது வருசம் உயிரோட இருந்து எழுதினன். ஒருத்தரும் திறந்து பாக்கேல்லை. செத்திட்டன் எண்டவுடன இவ்வளவு பேரும் வீட்டை கொண்டுபோயிருக்கினம்.” பின்னேரம் மேற்பார்வையாளரிடம் கேட்டு இயந்திரத்தின் அந்தப் பக்கம் மாறிப் போய்விட்டாள். நான் ஒரு பிலிப்பைன்ஸ் பிள்ளையோடு மடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. சனியும் ஞாயிறும் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தேன், அவள் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை நான் போகமுன்னரே தன் பழைய இடத்தில் நின்றாள். புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தாள். உதிர்வுக்கு நேரே, வெறுமையாக இருந்த இடத்தில், நீலப் பேனையால் 2417 என்று எழுதியிருந்தது.

“கப்பல் போய்ச் சேருற வருசம். அதுக்கு முதல் நான் சாகமாட்டன் எண்டு உன்ர அச்சகக்காரனுக்குச் சொல்லு.” முதல் விரிப்பு வெளியே வந்தது. பிடித்தோம், உதறினோம். முகத்துக்கு முகம் வந்தபோது கேட்டாள். “அந்தப் பெடியன், கதவைப் பற்றிக் கேட்டவன், அவன் வருவானோ?”

“வருவான்.”

“நான் உயிரோட இருக்கிறன் எண்டு ஒருத்தருக்கும் சொல்லாத.”

“ஏன்?”

அதற்கு அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டியிருந்தது. “செத்த ஆளெண்டா சனம் கதையைப் பற்றிக் கதைக்கும். என்னைக் கண்டா, தேத்தண்ணி குடிச்சியளோ எண்டுதான் கேக்கும். நீ பேசி முடிய நான் மேடைக்கு வாறன்.”

ஒன்பது வருடத்தில் எங்கள் சனத்தை அவள் அவ்வளவு துல்லியமாகப் படித்து வைத்திருந்தாள்.

பதினைந்தாம் திகதி சீமோன் அண்ணை எண்பது கதிரை போட்டார். ஐந்து மணி வெளியீட்டுக்கு ஆறு மணிக்குச் சனம் வரத் தொடங்கியது. ஆறரைக்கு அவர் பூசை மண்டபத்திலிருந்து நீள மர வாங்குகளை இழுத்துக்கொண்டிருந்தார். ஏழு மணிக்குச் சுவரோரம் எல்லாம் ஆட்கள். பாதிப் பேர் வெள்ளையும் கறுப்பும் உடுத்தி வந்திருந்தார்கள், மூன்று பேர் பூச்செண்டோடு. நான் பார்த்தது அவர்களின் கைகளைத்தான். புத்தகத்தை எல்லோரும் திரும்பக் கொண்டுவந்திருந்தார்கள். தேத்தண்ணி வட்டம் விழுந்த பிரதிகள், பக்கம் மடித்த பிரதிகள், மஞ்சள் கறை பட்ட ஒன்று, சிவப்புப் பேனையால் கோடு போட்ட ஒன்று. ரொறன்ரோவில் இத்தனை வெளியீட்டுக்குப் போயிருக்கிறேன், வாசித்த புத்தகத்தோடு ஒரு ஆளைக்கூடக் கண்டதில்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

வரவேண்டிய ஆள்தான் வரவில்லை. பஸ் வழி மாற்றி ஓடுகிறது, வாறன், வாறன் என்று எர்லிண்டா செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். இதற்கிடையில் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கும் மிதுனன் ஒலிவாங்கியைப் பிடித்துவிட்டார். வானொலி அறிவிப்பாளர், குரலைக் கொண்டே சனத்தை அழவைக்கத் தெரிந்தவர். விளக்கேற்றி முடிந்ததும் எல்லோரையும் எழும்பச் சொன்னார்.

“போரில் உயிர்நீத்த எம் உறவுகளையும், எம்மை விட்டு அண்மையில் விண்ணகம் ஏகிய சிக்கானா எழுத்தாளர் அம்மையார் எர்லிண்டா ஒர்னேலாஸ் அவர்களையும் நெஞ்சில் நிறுத்தி, ஒரு நிமிட அகவணக்கம்.”

நான் மேடையில் இருந்து கையை ஆட்டினேன். துக்கம் தாங்கமாட்டாமல் ஆட்டுகிறேன் என்று நினைத்து அவர் ஒரு கடதாசிக் கைக்குட்டையை நீட்டினார். முன்வரிசையில் பேனாட் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரிப்பை அடக்கினார். மண்டபம் முழுக்க அமைதி. அந்த அமைதியில் பின்கதவு கிரீச்சென்று திறந்தது.

செவ்வந்தி நிறச் சட்டை, காதில் சின்ன மண்டையோட்டுத் தோடு, ஓடி வந்த மூச்சிரைப்பு. தலைகுனிந்து நின்ற இருநூறு முதுகுகளைப் பார்த்து எர்லிண்டாவும் மரியாதையாகத் தலைகுனிந்து நின்றாள். தனக்குத்தான் என்று அவளுக்குத் தெரியாது. முதலில் கண்டது சீமோன் அண்ணை. இரண்டு தடவை நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு சுவரோடு சாய்ந்தார். பிறகு மிதுனன் கண் திறந்தார். “நன்றி, அமர்…” என்றவரின் குரல் வாழ்க்கையில் முதல் தடவையாக நடுவில் நின்றுபோனது. வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. ஆரோ ஒரு பெண் “யேசுவே” என்றாள்.

நான் ஒலிவாங்கிக்கு ஓடுவதற்குள் கிறிஸ்ரினா அன்ரி நடுவழியால் நடக்கத் தொடங்கிவிட்டார். எழுபத்தைந்து வயது, முழங்கால் வருத்தக்காரி. கையில் புத்தகம், நடுவில் விரல். எர்லிண்டாவுக்கு முன்னால் போய் நின்றார். நீ சாகவில்லையா என்று கேட்கவில்லை.

“ஏன் அந்தப் பிள்ளை கதவைத் திறக்கேல்லை?”

எர்லிண்டா என்னைப் பார்த்தாள். நான் மேடையிலிருந்தே ஆங்கிலத்தில் கத்தினேன். அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

அந்தக் கதையை நீங்கள் வாசித்திருக்கமாட்டீர்கள். முந்நூறு வருடப் பயணம் போகிற கப்பலில் தோட்ட வேலைக்கு நானூறு பேரை ஒரு கம்பனி ஏற்றுகிறது. முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களை எடுக்கமாட்டார்கள். லூஸ் என்ற பெண் தாயைப் பூமியில் விட்டுவிட்டு ஏறுகிறாள். வருடத்தில் ஒரு நாள் செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள், செவ்வந்தி வாசத்தைப் பிடித்து வருவார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. கப்பலோ ஒவ்வொரு வருடமும் தூரத் தூரப் போகிறது. செத்தவர்களும் ஒளியின் வேகத்தைத் தாண்ட முடியாது. அதனால் தாய் எந்த நாள் வந்து சேர்வாள் என்று லூஸ் கணக்குப் போட்டு, மரக்கறிப் பாத்திக்கு நடுவே களவாகச் செவ்வந்தி நடுகிறாள். கணக்குப் பிழைக்கவில்லை. அந்த நாளில், காற்றே இல்லாத அந்த வெளியிலிருந்து, கப்பலின் கதவு தட்டப்படுகிறது. திறந்தால் நானூறு பேரின் காற்றும் போய்விடலாம். போகாமலும் விடலாம். அவள் கை பிடியில் இருக்கிறது. கதை அவ்வளவுதான்.

எர்லிண்டா குனிந்து அன்ரியிடம் திருப்பிக் கேட்டாள். நான் தமிழில் சொன்னேன். “நீங்களெண்டா திறப்பியளோ?”

“நான் திறக்கேல்லை” என்றார் அன்ரி. “தொண்ணூற்றைஞ்சு இடப்பெயர்வு, ஆமி வருகுது எண்டு ஊரே ஓடினது. அம்மாவுக்கு நடக்கேலாது. ரெண்டு பிள்ளையளையும் இழுத்துக்கொண்டு, அவவை உள்ளுக்கு வச்சுக் கதவைச் சாத்திப்போட்டு வந்தனான். பிறகு போய்ப் பாக்கவும் குடுத்துவைக்கேல்லை. முப்பது வருசம் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. அந்தப் பெட்டையைத் திறக்கச் சொல்லு. அவளுக்குத் திறக்க ஏலும்.”

அதை நான் எப்படி மொழிபெயர்த்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. எர்லிண்டா அன்ரியின் கையைப் பிடித்தபடி நின்றாள். சுவரோரத்திலிருந்து யூட்சன் கை தூக்கினான்.

“அன்ரி, உள்கதவைத் திறந்தா நானூறு பேரும் செத்திடுவினம். வெளிக்கதவை மட்டும் திறக்கலாம். ரெண்டுக்கும் நடுவில அம்மா வந்து நிக்கட்டும், கண்ணாடியால பாக்கலாம்.”

“தாயைக் கண்ணாடியால பாக்கிறதோ? நீயும் ஒரு பிள்ளையோ!” என்றாள் அவன் தாய், அவனுக்குப் பக்கத்திலிருந்தே.

அதோடு மண்டபம் கைமீறிப் போய்விட்டது. திறக்கவேண்டும் என்று ஒரு பக்கம், கூடாது என்று ஒரு பக்கம். நானூறு பேரும் ஆரோ ஒருவரை விட்டுவிட்டு வந்தவர்கள்தானே, அவர்களிடம் கேட்டாளா என்று ஒருவர் எழும்பினார். கம்பனிக்காரன் வயதெல்லை வைத்ததுதான் முதல் குற்றம் என்று இன்னொருவர். வாழ்த்துரைக்கு வந்த கவிஞர், போரைப் பற்றிச் செய்யச் சொன்ன அதே கவிஞர், பேச எழுதி வந்த தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, மூன்றாம் பந்தியில் அவள் கை நடுங்குகிறது, அதைக் கவனியுங்கள், அவள் திறப்பாள் என்று கத்தினார். சிறப்புப் பிரதி வழங்கல் நடக்கவேயில்லை. வாழ்த்துரை, ஆய்வுரை, நன்றியுரை ஒன்றும் நடக்கவில்லை. றோல்ஸ் ஆறிப்போனது. மிதுனன் நிகழ்ச்சி நிரலை மேசையில் போட்டுவிட்டு, வானொலிக் குரலை மறந்து, “இல்லையண்ணை, நீங்கள் பதினாறாம் பக்கத்தைத் திருப்பி வாசியுங்கோ” என்று ஆரோடோ மல்லுக்கட்டினார்.

எட்டரைக்கு மண்டபத்தைப் பூட்டவேண்டும். சீமோன் அண்ணை லைற்றை அணைத்து அணைத்துப் போட்டார், ஒருவரும் சட்டை பண்ணவில்லை. கடைசியில் சனத்தை வாசலால் தள்ளிக்கொண்டு போனபோது வாதமும் சேர்ந்து கார்த் தரிப்பிடத்துக்குப் போனது. வெளியே முதல் பனி மெல்லிதாகத் தூவிக்கொண்டிருந்தது. என் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு, எர்லிண்டாவினதையும் தூக்கிக்கொண்டு தேடினேன்.

கிறிஸ்ரினா அன்ரியின் மகன் காரை ஸ்ரார்ட் பண்ணிக் காத்திருந்தான். அன்ரியின் பக்கத்துக் கதவு அகலத் திறந்தபடி கிடந்தது. அன்ரி ஏறவில்லை. யூட்சனின் தாயும் அவரும் திறந்த கதவுக்கு இரண்டு பக்கமும் நின்று, புத்தகத்தை ஆட்டி ஆட்டி லூஸுக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே எர்லிண்டா நின்றாள். செவ்வந்திச் சட்டையின் தோளில் பனி விழுந்து கரைந்துகொண்டிருந்தது. இவர் பேசும்போது இவரைப் பார்த்தாள், அவர் பேசும்போது அவரைப் பார்த்தாள். நான் போய்க் குளிர்ச்சட்டையைத் தோளில் போட்டு, அவர்கள் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைத் திருப்பாமலே என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“இப்ப சொல்லாத, ஜோசப்பின். கொஞ்சம் பொறு.”

“ஹீற்றர்ச் சூடெல்லாம் வெளியில போகுது அம்மா, கதவைச் சாத்துங்கோ!” என்று மகன் உள்ளேயிருந்து கத்தினான். அன்ரி ஒரு கையால் கதவை இன்னும் அகலத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் பக்கத்தைப் புரட்டினார்.